உங்கை என்ற சொல்லுக்கு நான் போட்ட பிழை

என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்பவர்மேல் இல்லை, பதில் நீளமானது என்பதால்தான். முதலில் படித்தது மொழியியல். தமிழ்தான் எங்களுக்குத் தெரியுமே, அதில் படிக்க என்ன கிடக்கிறது என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டார்கள். பிறகு, பாரிசவாதம் வந்து பேச்சுக் குழம்பியவர்களின் பேச்சை ஆராயப் போனேன். நான் கேட்கிற கேள்வி அவர்களின் காதில் விழவில்லையா, விழுந்தும் விளங்கவில்லையா என்று சொல்லத் தெரியாமல் முழுசினேன். அந்த வெட்கத்தில் கேட்கும் திறனை அளக்கிற படிப்பையும் படித்தேன். அதோடு நின்றிருக்கலாம். மூளைக்குள் மொழி எப்படி இருக்கிறது என்ற ஆராய்ச்சிக்குள்ளும் போய் விழுந்தேன். இத்தனையும் படித்து, வெளிநாட்டுக் குளிரையும் தாங்கி, யாழ்ப்பாணம் திரும்பி வந்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் ‘காது மிஸ்’.

படிப்பிக்கிற நாள் போக, கிழமையில் இரண்டு நாள் நல்லூரில் ஒரு சின்ன அறையில் ஆட்களைப் பார்க்கிறேன். சத்தம் புகாத அறை என்றுதான் பெயர். கோயில் திருவிழா தொடங்கினால் தவில் உள்ளே வந்துவிடும், நானும் வேலையை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன்.

அந்த அறைக்கு அச்சுவேலியிலிருந்து ஓட்டோவில் ஒரு அம்மா வந்தார். முப்பது வருடம் சொந்தமாக மிளகாய் அரைக்கும் மில் நடத்தியவர். பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை மடியில் கிடந்தது. சேலை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். கூட வந்த மகள் நல்லூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரியூசன் கொடுக்கிறவர். தாய் விழுந்த நாளிலிருந்து அச்சுவேலிக்கும் நல்லூருக்கும் ஸ்கூட்டியில் ஓடிக் களைத்திருந்தார். மகன் கனடாவில்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதற்குள் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு பேருக்கும் சண்டை. அம்மாவுக்குச் சொல்வது விளங்குகிறதா, இல்லையா? விளங்குகிறது என்றால் மகள் வாடகை வீட்டை விட்டுவிட்டு அச்சுவேலிக்கே போய்த் தாயோடு இருப்பார். இல்லையென்றால் மகன் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருந்தார். வீட்டையும் மில்லையும் பூட்டிவிட்டு அம்மாவை அங்கே விடுவது. அண்ணன் சொன்னதை மகள் அப்படியே என்னிடம் ஒப்புவித்தார்.

“எந்த இடத்திலை இருக்கிறன் எண்டே தெரியாத ஆளுக்கு எந்த இடமெண்டா என்ன எண்டு கேக்கிறார் மிஸ்.”

மகன் கேட்டது கொடுமையாகத்தான் பட்டது. ஆனாலும் தொலைவில் இருந்து, தாயின் வாயில் ஒரு சொல்லும் சரியாக வராததைத் தொலைபேசியில் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போன பிள்ளையின் கேள்வி அது. மகளோ அம்மாவுக்கு எல்லாம் விளங்குகிறது, சாமான்களின் பெயர்தான் வருகுதில்லை என்று அழாக்குறையாகச் சொன்னார்.

முதலில் காதைப் பார்த்தேன். மில் இரைச்சல் மெல்லிய ஒலிகளைக் கொஞ்சம் தின்றிருந்தது, ஆனால் பக்கத்தில் இருந்து கதைத்தால் கேட்கக் குறையில்லை. மூளையைப் பிடித்த படத்தையும் பார்த்தேன். இடப்பக்கம் அடிபட்டிருந்தது. அடுத்தது மொழிச் சோதனை. கடல் கடந்து வந்த தாள் அது. வேறு ஊர்த் தமிழரை வைத்து நன்றாகச் செய்திருந்தார்கள். அதில் ஒரு பகுதி மிக எளிது. சாவி, சீப்பு, கரண்டி, பேனை என்று ஒவ்வொன்றாக, ஒருமுறை அவருக்கு முன்னாலும் ஒருமுறை எனக்கு முன்னாலும் வைத்து, “சாவி எங்கே?” என்று கேட்க வேண்டும். தாளில் இரண்டே விடைதான் சரி. அவர் பக்கம் இருந்தால் ‘இங்கே’, என் பக்கம் இருந்தால் ‘அங்கே’.

அவர் பக்கம் வைத்த போதெல்லாம் “இஞ்சை” என்றார். சரி போட்டேன். என் பக்கம் வைத்த போதெல்லாம் “உங்கை” என்றார். பிழை போட்டேன். வரிசையாக, கையெழுத்துக்கூடக் கோணாமல், பிழை, பிழை, பிழை. கூட்டிப் பார்த்தால் பாதி சரி, பாதி பிழை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னாலும் பாதி சரியாகத்தானே வரும். அதனால், சொல்வதை விளங்கிக்கொள்கிறார் என்று கொள்ள முடியவில்லை என எழுதிக் கையெழுத்து வைத்தேன். மகள் கடிதத்தை வாசித்தார். தாயின் செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் லண்டனில் இருக்கும் என் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல் மூக்கை உறிஞ்சினாள். நான் வழக்கம்போல் கேட்டேன்.

“உங்கை மழையோ?”

கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் அங்கே ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். உங்கை என்றால் நீ இருக்கிற இடம். என் பக்கமான ‘இஞ்சை’யும் இல்லை, இரண்டு பேருக்கும் எட்டாத ‘அங்கை’யும் இல்லை, என்னோடு கதைக்கிற ஆளின் பக்கம். நாள் முழுக்க நான் சொல்கிற சொல். அந்த அம்மா, சாவி எனக்கு முன்னால் இருந்தபோது, உனக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அச்சொட்டாகச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். நூற்றுக்கு நூறு எடுத்தவருக்கு ஐம்பது போட்டுக் கொழும்புக்கு அனுப்பப் பார்த்த விசரி நான்.

ஏன் எனக்கு அப்போது உறைக்கவில்லை? காரணம் தெரியும், சொல்லத்தான் வெட்கம். மேற்படிப்புக்குத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது விடுதியில் ஒருநாள், எதிரில் இருந்தவளுக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகத்தைக் காட்டி ‘உதை எடுங்கோ’ என்றேன். யாரை உதைக்க வேண்டும் என்று கேட்டு மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. இன்றும் என் கூட்டாளிகள்தான். ஆனால் அன்றைக்கே நான் உது, உங்கை என்ற சொற்களைப் படிப்புப் பக்கத்திலிருந்து தூக்கி வீட்டுப் பக்கம் எறிந்துவிட்டேன். அதற்குப் பிறகு, பேனை பிடித்தால் எனக்கு இரண்டு இடம்தான் உண்டு. இங்கே, அங்கே. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் மூன்று இடம். அந்த அம்மாவுக்கு இப்படி இரண்டு வாய் கிடையாது. பெயர்ச்சொல் எல்லாம் பறிபோன பிறகும் அந்த மூன்று இடத்தையும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார். இடம் தெரியாத ஆள் என்று அவரைத்தான் சொன்னோம்.

மறுநாளே மகளைக் கூப்பிட்டுப் பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருக்கலாம், பட வேண்டும். அம்மாவைக் கொழும்பில் கொண்டுபோய் விட அண்ணன் வர ரிக்கற் போட்டுவிட்டார், இனி நீங்களே அவரிடம் சொல்லுங்கோ என்றார். சரி, நான் வாறன் என்றேன். பின்னேரம் பஸ் பிடித்து அச்சுவேலிக்குப் போனேன். மில் கதவு பூட்டியிருந்தது, ஆனாலும் வாசலில் கால் வைத்ததும் மிளகாய்க் காரம் மூக்கில் ஏறித் தும்மினேன். உள்ளே அம்மா கதிரையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மகள் அண்ணனை அழைத்துத் தன் தொலைபேசியை என் கையில் தந்தார். மகனுக்கு அங்கே காலை. வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தோடு திரையில் வந்தார். நான் என் பிழையை மறைக்காமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. முதலில் எழுதிய கடிதமும் நீங்கள் எழுதியதுதானே டொக்டர் என்று மரியாதையாகவே கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே தன் மனத்தில் கிடந்ததைச் சொன்னார். எத்தனையோ முறை தன் தங்கச்சி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மகன் எங்கே என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாளாம். அம்மா உங்கை உங்கை என்று உளறுவாராம். கனடாவில் இருக்கிற தன்னை ‘அங்கை’ என்றுகூடச் சொல்லத் தெரியவில்லையே என்று, அதைப் பார்க்க முடியாமல் அழைப்பை வெட்டிவிடுவாராம்.

அந்தத் தொலைபேசி அப்போது என் கையில் இருந்தது. தம்பி, வெட்டாமல் ஒரு நிமிசம் பாருங்கோ என்றேன். திரையை அம்மாவின் பக்கம் திருப்பி, மகன் எங்கை என்று கேட்டேன்.

“உங்கை,” என்றார், என் கையைப் பார்த்து.

தொலைபேசியை அவருடைய இடது கையில் வைத்தேன். விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டன. திரும்பவும் அதே கேள்வி. அவர் அதைத் தன் நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இஞ்சை.”

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தார். நானும் அழுதேன், அதை ஏன் மழுப்ப வேண்டும். பிறகு மகன் கதைத்தார்.

“அம்மா, நீங்கள் உங்கையே இருங்கோ. ஒரு இடமும் போகவேண்டாம். நான் வந்து பாக்கிறன்.”

உளறல் என்ற அதே சொல்லைத்தான் தானும் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லிக் காட்டவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி, தாய் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, அவர் வைத்துவிட்டார்.

திரை கறுத்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார், பெருவிரலால் ஒருமுறை தடவினார், பிறகு என்னிடம் நீட்டினார். மகன் எங்கை என்று நான் கேட்கவில்லை, சோதனை எல்லாம் முடிந்துவிட்டது. அவர்தான் பூட்டிய மில்லுக்கும் மதிலுக்கும் அப்பால், எங்கள் இரண்டு பேருக்கும் எட்டாத பக்கமாகத் தலையை நிமிர்த்தி நாடியால் காட்டினார்.

“அங்கை,” என்றார்.