மருந்து ஊற்றாத பாட்டில்

எழுபதுகளின் கடைசியில் நானும் என் தோழியும் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். எங்களுடையது பாகூரில் நெல் பயிரிடும் குடும்பம். அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடலில் மேலிருந்து அடிக்கு இறங்கும் கசடைப் பிடித்து ஆராய்வது எங்களுக்குக் கொடுத்த வேலை. செத்த பாசியும் மீன்களின் கழிவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செதில் செதிலாக இறங்கும்.

மூர்த்திக்குப்பத்து மீனவர் ஒருவர் கட்டுமரத்தில் போய், புனல் பொருத்திய இரண்டு பாட்டில்களைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மறுநாள் காலை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நுழையும் சிற்றுயிர்கள் சாகவும் செதில்கள் கெடாமல் இருக்கவும் முன்கூட்டியே ஃபார்மலின் என்ற மருந்தை ஊற்றியிருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பஸ் போய்விட்டதால் எங்கள் வீட்டுக்கே வந்தோம். இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப் அங்கேதான் இருந்தது.

ஒரு பாட்டிலில் செதில்கள் அடியில் படிந்திருந்தன. மற்றதில் அரிசி களைந்த தண்ணீர்போல ஒரே கலங்கல். அதை மோந்து பார்த்த தோழி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல மருந்தே ஊத்தலடி. மறந்துட்டன். எல்லாம் பாழாப்போச்சு."

அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. காபி கொண்டுவந்த அம்மா, "இன்னாத்துக்கும்மா அழுவுற? கடல்ல தண்ணியா தீந்துபூடுச்சி? இன்னொரு தபா மொண்டுக்கினு வந்தா ஆச்சு" என்றார்.

கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டைப் பார்த்துவிடலாம் என்று மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். ரவையைவிடச் சின்ன உயிர், நீளமாக இரண்டு உணர்கொம்புகள். துடுப்புக்காலி என்று பாடத்தில் படித்ததுதான். அது ஒரு செதிலைக் கவ்வியிருந்தது.

"தின்னுதுடி" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "எங்க தின்னுது? பாதிய உதிர்த்து வுடுது பாரு."

உதிர்ந்த துகள்கள் அடிக்கு இறங்காமல் மிதந்தன. அந்த அளவுக்குப் பொடிந்தால்தான் நுண்ணுயிர்கள் மிச்சத்தைச் சீக்கிரம் சிதைக்கும். நாங்கள் மதியச் சோற்றை மறந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவருக்குக் கோபம். "தப்பா எடுத்த பாட்டில வச்சு எதையும் சொல்ல முடியாது. வேணும்னா முறையா செஞ்சு காட்டுங்க."

செய்தாள். புதிதாகப் பிடித்த செதில்களை இரண்டு பாட்டில்களில் பிரித்துப் போட்டாள். இரண்டிலும் மருந்து இல்லை. ஒன்றில் துடுப்புக்காலிகளை விட்டாள். மற்றதில் மெல்லிய வலைத்துணியில் வடிகட்டிய கடல்நீர் மட்டும். மறுநாள் வடிகட்டிய நீரில் செதில்கள் போட்டபடியே கிடந்தன. மற்றதில் பாதிக்குமேல் பொடிந்திருந்தன. பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்றார்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கரிக்கலாம்பாக்கம் பள்ளியில் வேலை கிடைத்தது. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவளுடைய அத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஆராய்ச்சி படிப்புல சேந்துட்டாம்மா. மாப்பிள்ள வூட்டுக்காரங்க ரெண்டு வருசம் பொறுத்துக்கிறோம்னுட்டாங்க. அவங்ககிட்ட பூச்சிய பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கா, வேற வழி?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.