கால் வலிக்குக் கால் ஆணம்

தாராவியில் ஒரு தோல்பை பட்டறையில் அப்போது நான் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் மிஷின் இல்லை. தடித்த தோலில் ஊசி இறங்க வேண்டுமானால் வலது காலை ஊன்றி அழுத்த வேண்டும். கால் இல்லையென்றால் அங்கே எனக்கு வேலை இல்லை. பட்டறை எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

நாற்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. சோற்றைக் குறை, சீனியை விடு என்றார் பக்கத்து டாக்டர். கறியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எங்கள் சந்தில் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இனிப்பில்லாத எதையும் சர்க்கரைக்காரன் தின்னலாம் என்பது அவர்கள் முடிவு. என் தட்டில் சோறு குறைந்தது, ஆட்டு ஈரல் கூடியது.

ஒருநாள் விடியும்போது வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து கிடந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. என் மனைவிக்கு வைத்தியம் தெரியும், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கால் வலிக்குக் கால். ஆட்டுக்கால் வாங்கி, சூப்பு மாதிரி நீர்க்க ஆணம் காய்ச்சினாள். தினமும் குடித்தேன். வீக்கம் வடிவதும் வருவதுமாக இருந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் ஏறியிருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். அது மூட்டுக்குள் உப்பு மாதிரி படிந்து குத்துமாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள பல பேருக்கு இதுவும் கூட வருமாம். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாயா பந்த். கலேஜி பந்த்."

காலும் கூடாது, ஈரலும் கூடாது. பிரஷருக்கு நான் தின்ற, மூத்திரம் போக்கும் மாத்திரையும் யூரிக் ஆசிடை ஏற்றும் என்றார். நிறுத்திவிடட்டுமா என்றேன். நிறுத்தினால் பிரஷர் ஏறும், நீயாக எதையும் நிறுத்தாதே என்றார். பிறகு எதற்கு அதை என்னிடம் சொன்னார்?

அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள். பட்டறை முதலாளி வந்து பார்த்தார்.

"பெருநாள் கழிச்சு வந்து உக்காரும்வே. அதுக்கு மேல தாங்காது. ஆர்டர் கெடக்கு."

பெருநாளன்று சந்தே என் காலை நினைத்துக்கொண்டது. குர்பானி கொடுத்த வீடுகளிலெல்லாம் கறிப் பங்கோடு ஆட்டுக்காலையும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு மாமி ஆணமாகவே காய்ச்சிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"டாக்டர் கூடாதுன்னுட்டார் மாமி."

"அவன் பருப்புத் தின்னி. ஆட்டுக்காலப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? குடி வாப்பா."

"குடிக்க மாட்டேன். கொண்டு போங்க!"

கத்திவிட்டேன். மாமி கண் கலங்கிப் போனாள்.

"பெருநாள் பங்கத் திருப்பிட்டீங்களே மச்சான். நாளைக்கு நான் சந்துல எப்படித் தல காட்ட?" என்றாள் மனைவி. வந்த கால்களை வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். சந்து முழுக்க ஈரல் வறுக்கிற வாசனை. நான் ரொட்டியும் சுரைக்காயும் தின்றேன்.

வேலைக்குப் போக வேண்டிய அன்று காலையில் விரல் மறுபடி வீங்கியிருந்தது. ஒரு சொட்டு ஆணம் குடிக்கவில்லை. டாக்டர் சொன்னபடிதான் இருந்தேன். மாத்திரையின் வேலையோ, உள்ளே படிந்த பழைய உப்போ, யாரைக் கேட்பது? சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தேன். நிற்க முடியவில்லை.

மாமி மறுபடி கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? குடிக்க மாட்டேன்னு குதிச்சியே, இப்ப என்னாச்சு?"

"நல்லாக் கேளுங்க மாமி" என்றாள் என் மனைவி.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மிஷின் ஓடத் தொடங்கியது. எவனோ மிதிக்கிறான். தோல் தடிக்கிற இடத்தில் நான் மெதுவாக்குவேன். அவன் மெதுவாக்கவில்லை.

மாமி கிண்ணத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.