இரையாத மைக்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. யாராவது ஒரு பாடகர் மைக்கின் முன்னால் நிற்கிற படத்தைக் காட்டினால், அது என்ன மைக் என்று சொல்லிவிடுவேன். கணக்குப் பாடத்தில் வாங்கிய புள்ளிகளை வெளியில் சொல்ல முடியாத பிள்ளைக்கு இப்படி ஒரு பெருமை தேவையாகத்தான் இருந்தது. அம்மாவின் அண்ணன் கம்பளையில் கிராமபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருநாள்களுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டுவதும் அவர்தான். கடைக்கு வரும் இசைத்தட்டுப் பட்டியல்களையும் நாடக நோட்டீசுகளையும் அவர் என் முன்னால் விரித்துவைத்து, வந்திருப்பவர்கள் பார்க்க என்னைக் கேள்வி கேட்பார். நான் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கரி மைக்" என்பேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இருந்ததெல்லாம் கரி மைக்தான் என்பதால் என் பதில் அநேகமாகச் சரியாகிவிடும்.

கரி மைக்கின் உள்ளே கரித்துகள் இருக்கும். கண்டி ஈரத்துக்கு அது அடிக்கடி கட்டிப்பட்டுக் குரலை அடைத்துவிடும். அப்போது விரல் கணுவால் நாலு தட்டுத் தட்டி, வாயை வைத்து ஓங்கி ஒரு ஊது ஊதினால் துகள் உதிர்ந்து மைக்குக்கு உயிர் வரும். உயிர் வந்ததற்கு அடையாளம் இரைச்சல். எண்ணெயில் வெங்காயம் போட்டதுபோல லவுட்ஸ்பீக்கர் விடாமல் இரையும். அதனால் பாட வருகிறவர்களும் பேச வருகிறவர்களும் தட்டாமல் ஊதாமல் தொடங்கமாட்டார்கள். எங்கள் பங்குச் சாமியார் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஊதுவாரா, ஊதிவிட்டுச் சிலுவை போடுவாரா என்று நாங்கள் பந்தயம் கட்டுவதுண்டு.

அம்மாவின் தங்கை எங்களோடு கண்டியில் இருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாவின் குரல் பெரிய குரல் இல்லை. கோயிலில் ஆர்மோனியம் தொடங்கினால் அவள் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். ஆனால் குசினியில் அரிசி களைந்துகொண்டே அவள் பாடும்போது பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு, அந்தக் குரலில் எத்தனை நுணுக்கம் இருந்தது என்று தெரியும். அம்மாகூட அடுப்பை மறந்துவிட்டு நிற்பாள். இது மண்டபத்துக்கான குரல் இல்லை, மைக்குக்கான குரல் என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். கொழும்பு ரேடியோவில் அவளைப் பாடவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சின்னம்மாவுடைய ஆசையும் அதுதான். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

முப்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், எங்கள் கோயிலின் புது மண்டபத்தைத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கச்சேரி. கொழும்பு ரேடியோவுக்குப் பாட்டுக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரை மாமா எப்படியோ பிடித்து, கேட்க வருவதாகச் சம்மதிக்கவும் வைத்துவிட்டார். அதோடு விட்டாரா? தெரிந்த ஒருவரிடம் கெஞ்சிக் கொழும்பிலிருந்து ஒரு புது மைக்கையும் ஒருநாள் இரவலாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். தலையணை உறைக்குள் இருந்த அதைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்.

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது மைக்கைக் கட்டி முடித்து, தானே பேசிப் பார்த்தும் இருந்தார். மேடையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் நாலைந்து பேர் முன்னால் வழக்கம்போல என்னைக் கேட்டார், இது என்ன மைக் என்று. நான் பார்த்ததே இல்லாத உருவம் அது. கரி மைக்கைத் தாங்கிப் பிடிக்கிற வளையம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. உடம்பெல்லாம் பொத்தலான ஒரு சின்னத் தகரப் பெட்டி. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கரி மைக் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது ரிப்பன் மைக்கும்மா. உள்ள பேப்பர விட மெல்லிசா ஒரு நாடா தொங்குது," என்று மாமாவும் சிரித்துவிட்டு, விருந்தாளியை அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஓடினார். இந்த மைக்கை ஊதக்கூடாது என்று சாமியாரிடமும் பாடப்போகிறவர்களிடமும் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பாடாத என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

சிரித்தவர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் மேடையில் தனியாக நின்றேன். முகமெல்லாம் எரிந்தது. லவுட்ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தேன். இரைச்சலே இல்லை. எனக்குப் போன மானம் திரும்பி வந்தது. பெரிய ரிப்பனாம், உயிரே இல்லை என்று நினைத்தேன். அதற்கு உயிர் கொடுத்துவிட்டு மாமாவிடம் சொன்னால் யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம். விரல் கணுவால் நாலு தட்டுத் தட்டினேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதட்டை ஒட்டவைத்து ஊதினேன். லவுட்ஸ்பீக்கர் மாடு முக்கியதுபோல ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. இரைச்சல் வரவே இல்லை. என்னமோ ஆகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. இறங்கி ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கச்சேரி தொடங்கியது. சாமியார் வரவேற்றுப் பேசினார். அவருக்கு மலையில் நின்று கூப்பிட்டால் தோட்டமே திரும்பிப் பார்க்கும் குரல். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் லவுட்ஸ்பீக்கரில் கேட்கத்தான் செய்தது. மாமா புருவத்தைச் சுருக்கியதை நான் பார்த்தேன். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. ஒன்றும் கெடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சின்னம்மா. நீலச் சேலை கட்டியிருந்தாள். மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒரு சாண் தள்ளி நின்று, குசினியில் பாடுவதுபோலவே மெதுவாகத் தொடங்கினாள். முன்னால் போட்டிருந்த முதல் இரண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்னவோ கேட்டது. எங்களுக்கு அவள் உதடு அசைவதுதான் தெரிந்தது. பின்னால் பேச்சு எழுந்தது. மாமா லவுட்ஸ்பீக்கர் பெட்டியின் திருகுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னம்மா குரலை உயர்த்தினாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம், சுருதி பிசகியது. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது சரணத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, கைகூப்பி இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின் வந்தவர்கள் மைக் வேண்டாம் என்று தொண்டையை நம்பியே பாடினார்கள். குரல் நல்ல குரல்தான், ஆனால் மைக்குக்குத் தோதுப்படாது என்று மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு விருந்தாளியும் ரயிலேறிப் போனார்.

மறுநாள் மாமா மைக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே நாடா இழுபட்டுத் தொய்ந்து கிடந்ததாம். ரயில் குலுக்கலில் நடந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டு, சின்னம்மாவிடம் வந்து சொன்னார். அவள் நம்பவில்லை. கெட்ட மைக்கில் சாமியார் பேசியது எப்படிக் கேட்டது என்று கேட்டாள். பலத்த குரல் கேட்கும், மெல்லிய குரல்தான் போகாது என்று மாமா விளக்கினார். அண்ணன் சமாதானம் சொல்கிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். விருந்தாளிக்குக் கடிதம் போடுகிறேன், இன்னொரு தடவை பாடு என்று அவர் மன்றாடியதற்கும் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் பாட்டு நின்றுபோனது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில், பள்ளிக்குப் போகுமுன் சின்னம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னல் பாதியில் நின்றது.

"நீதான் மைக்கு தெரிஞ்சவளாச்சே. ஒனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லு, அன்னைக்கு மைக்கு கெட்டுப்போயிருந்துச்சா, இல்ல என் கொரல்தான் போதலயா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. என் வித்தையை உண்மையாக மதித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். கெட்டுப்போயிருந்தது என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், பிறகு ஊதியதைச் சொல்லவேண்டிவரும், அப்பாவின் பிரம்பு அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. எனக்கு அவ்வளவுதான் ஓடியது.

"மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு சின்னம்மா," என்றேன்.

சரி என்றாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, நேரமாகிவிட்டது, ஓடு என்று முதுகில் தட்டி அனுப்பினாள். கொழும்புக்குக் கடிதம் போடவேண்டாம் என்று மாமாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள் என்பது பல வருடங்களுக்குப் பிறகு, அவள் இல்லாமல் போன பிறகு, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அடி வாங்காமல் தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் பள்ளிக்கூடம் வரை பாடிக்கொண்டே போனேன்.