சங்கரலிங்கம் அண்ணாச்சியின் டபடப படகு

தேங்காயெண்ணெய் கருகும் வாசம்... கூடவே தண்ணீர் மேல் "டப டப டப" என்று ஒரு சத்தம். இரண்டும் சேர்ந்தால் எனக்குத் திருத்தங்கல் ஊருணிதான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகளுக்கு லீவு. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்திருக்கும். அப்போதுதான் எங்கள் மோட்டார் படகுப் பந்தயம்!

சிரிக்காதீர்கள். படகு முழங்கை நீளம்கூட இருக்காது. தகரத்தில் நாங்களே செய்தது. உள்ளே சின்ன விளக்கு, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய டப்பி. சூடேறினால் பின்பக்கக் குழாய் வழியே தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்போம்... எல்லாரும் மீசை வைத்த ஆம்பிளைகள்.

மூத்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ஐம்பதைத் தாண்டியவர். வருஷா வருஷம் அவர்தான் ஜெயிப்பார். ஜெயித்தவருக்கு ஒரு மரியாதை உண்டு. அடுத்த வருஷம் மெழுகுவர்த்தியோடு வந்து எல்லாப் படகுக்கும் அவரே தீ வைக்க வேண்டும், தன் படகுக்குக் கடைசியாக.

எப்படித்தான் ஜெயிக்கிறார்? குழாயா, திரியா? யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது. கேட்டேவிட்டேன். படகையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

"நல்லாப் பாருலே. பாத்துட்டு என்னைய ஜெயி."

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் படகில் இல்லாத எதுவும் அதில் இல்லை. ஒரே ஒரு தடவை அவரை முந்திவிட வேண்டும்... அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

மறு வருஷம் முந்தினேன்! ஒரு சாண் வித்தியாசம். ஊருணியே அதிரக் கத்தினேன். முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தது அண்ணாச்சிதான்.

அடுத்த வருஷம் மெழுகுவர்த்தி என் கையில். கெத்தாக ஒவ்வொரு படகுக்கும் தீ வைத்துக்கொண்டே வந்தேன். காற்று அணைத்தது, மறுபடியும் பற்ற வைத்தேன். என் படகுக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால்... அண்ணாச்சியின் படகு பாதி ஊருணியைத் தாண்டியிருந்தது. நான்தான் கடைசி.

போன வருஷம் நான் ஜெயித்தது ஒரு சாணில். அதுவும் அவர் கையால் முதலில் தீ வாங்கிக்கொண்டு...

"அண்ணாச்சி... இத்தன வருசமும் இம்புட்டுப் பிந்திக் கெளம்பியா எங்கள ஜெயிச்சீக?"

"ரொம்ப நாளைக்குப் பெறகு இன்னைக்குத்தாம்லே சீக்கிரமாக் கெளம்புனேன். நல்லாத்தான் இருக்கு!" என்று சிரித்தார். "சரி, மெழுகுவர்த்திய இங்கன குடு. அடுத்த வருசம் எம் மொறை."

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் ரிமோட் படகு விட்டார்கள். விசில் அடித்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அதுதான் நியாயம்... ஜெயித்த பையன் தன் படகைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக லிஃப்டில் ஏறிப் போனான்.

என் கை என்னவோ மெழுகுவர்த்தியைத் தேடியது.