நியாமத்கானா

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கும் மர அலமாரிக்கு நியாமத்கானா என்று பெயர். கதவுகளில் கம்பி வலை அடித்திருக்கும். எறும்பு ஏறாமல் இருக்க, அதன் கால்கள் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கும்.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு செய்யூர்ப் பக்கம் விற்கப் போகும் அத்தா, விடாத மழையில் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். அலமாரி காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது வந்தால் வலை வழியாக எல்லாம் தெரிந்துவிடுமே என்று, அம்மா வெறும் பாத்திரங்களுக்கு மூடி போட்டு அடுக்கி வைத்திருந்தார்.

பசி எரிச்சலில் அத்தாவிடம் கேட்டேன். "நியாமத்கானான்னா இன்னா அர்த்தம்?"

"சோறு, தண்ணி, சுகம்னு அல்லா குடுக்கிறதெல்லாம் நியாமத்து. அது அரபி. கானான்னா வூடு. அது பாரசீகம்" என்றார், அலமாரிப் பக்கம் திரும்பாமல் மழையைப் பார்த்தபடி.

அல்லாவின் கொடை இருக்கும் வீடாம்! அந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்திருந்தால் கடித்தே வைத்திருப்பேன்.

அப்போது அம்மா செம்போடு வந்து, அலமாரியின் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லியேம்மா! எறும்பு வந்து இன்னாத்தைத் தின்னப் போவுது?"

அம்மா நிமிரவில்லை. கடைசிக் கிண்ணத்தையும் விளிம்புவரை நிரப்பினார்.

"காலியா கீதுன்னு நமக்குத் தெரியும். அது எறும்புக்கு வேற தெரியணுமா?"