கொட்டிலில் கட்டிய கழுதை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்குக் கலியாணம் முடிந்து ஆறாவது வருஷம். எங்கள் ஊர் பாப்பாமோட்டையில் எங்களுக்கு வயலும், ஒரு சோடி உழவு மாடும், நாலு பசுவும் இருந்தன. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று இருந்தேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆடி மாதம் ஊருக்குள் மாட்டு நோய் வந்தது. வாயில் நுரை தள்ளி, தண்ணீரும் குடிக்காமல் நின்று, மூன்றாம் நாள் விழும். மற்ற வீடுகளில் ஒன்றிரண்டு போயின. எங்கள் கொட்டிலில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொல்லி ஊர் அதிகாரி விதானையார் வந்து நின்றார். ஆறு குழியையும் என் வீட்டுக்காரரே வெட்டினார். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. கடைசிக் குழியை மூடிவிட்டு வந்து கொட்டிலுக்குள் இருந்தவர்தான், அதன் பிறகு பேச்சில்லை.

சோறு வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவார். கூப்பிட்டால் பார்ப்பார், அந்தப் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போகும். பகல் முழுக்கத் தும்பு எடுத்துக் கயிறு திரிப்பார். இல்லாத மாட்டுக்குக் கயிறு. எனக்கோ அது நல்லதாகத் தெரிந்தது. கை வேலை செய்கிறதே, மனம் தேறிவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஊருக்கு நான் சொன்னது, "அவருக்குக் காய்ச்சல்." நான் பெரிய மாட்டுப் பட்டிக்காரர் வீட்டில் பிறந்தவள். என் புருஷனுக்கு மனம் பிசகிவிட்டது என்று நாலு பேர் கதைக்க விடுவேனா?

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் அயலட்டை ஆம்பிளைகள் எங்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். "அண்ணை படுத்திருக்கட்டும். எங்கட மாட்டைக் கொண்டுவந்து உங்கட வயலையும் உழுது விடுறம்." மாடு இழந்தவனுக்கு எங்கள் ஊரில் அப்படிச் செய்வது வழக்கம். நான்தான், "தேவையில்லை, எழும்பினவுடன அவரே பாப்பார்" என்று படலையைச் சாத்தினேன். பிறகு ஒருவரும் வரவில்லை.

தீவிலிருந்து மூன்று கழுதைகளில் கருவாடு ஏற்றி வந்து நெல்லுக்கு மாற்றுகிற ஒரு முஸ்லிம் மனிதர் இருந்தார். ஊரே அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும். அந்த மாதமும் வந்தார். காய்ச்சல் என்று சொன்னேன். அவர் என்னைத் தாண்டிக் கொட்டிலைப் பார்த்தார்.

"காய்ச்சல்காரர் இந்த வெக்கைக்குள்ள இருந்து கயிறு திரிக்கிறாரோ, தங்கச்சி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தோணி உடைஞ்ச பிறகு என்ர மூத்த சகோதரமும் இப்பிடித்தான் இருந்தவர். நாங்களும் காய்ச்சல் எண்டுதான் சொன்னனாங்கள். கடைசியில அவரைக் காப்பாத்தேலாமப் போச்சு. இவரைத் தனிய விடாதையுங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் கருவாட்டைக் குடுத்திட்டுப் போங்கோ. என்ர வீட்டை நான் பாப்பன்."

அவர் கோபிக்கவில்லை. மூன்றில் நொண்டிக்கொண்டு நின்ற கழுதையைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய், உழவு மாடு நின்ற இடத்திலேயே கட்டினார். "தம்பி, இவளுக்குக் குளம்பில முள்ளு. நடக்கமாட்டாள். நான் அடுத்த முறை வருமட்டும் பாத்துக்கொள்ளும்." கயிறு திரித்த என் வீட்டுக்காரரின் கை நின்றது.

இரண்டு நாள் உப்புத் தண்ணீர் காய்ச்சி அந்தக் குளம்பைக் கழுவினார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது மாடு நின்ற இடத்தில் ஒரு கழுதை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சாள், இந்தப் போகம் கழுதை பூட்டியோ உழப்போறியள்?" சிரித்துப் பகிடிக்குத்தான் கேட்டாள். எனக்குச் சுட்டது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் கழுதையை அவிழ்த்து, தடியால் அடித்து, பற்றைக்காட்டுப் பக்கம் துரத்திவிட்டேன்.

கிணற்றுக்குப் போய்த் தண்ணீரோடு வந்தால், அவரைக் காணவில்லை. திரித்து மாட்டியிருந்த கயிறுகளில் ஒரு கயிறு குறைந்திருந்தது.

அப்போதுதான் நானா சொன்னது எனக்கு விளங்கியது. குடத்தைப் போட்டுவிட்டுப் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று கத்தினேன். "அவருக்குக் காய்ச்சல் இல்லை! நான் பொய் சொன்னனான்! என்ர மனிசனைத் தேடித் தாங்கோ!" நான் படலை சாத்தி அனுப்பிய அத்தனை பேரும் கலப்பையை வயலில் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பகிடி பண்ணியவள் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

மாடு புதைத்த இடத்தில் இருந்தார். கயிறு கழுதையின் கழுத்தில் கிடந்தது. நான் துரத்தியதில் திரும்பவும் இரத்தம் வந்த அந்தக் காலைத் தன் மடியில் வைத்திருந்தார்.

"கழுதையைத் தேடியோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு மாதத்துக்குப் பின் முதல் தடவையாக வாய் திறந்தார். "கயிறோட வீட்டை விட்டு வெளிக்கிடேக்க கழுதையை நினைக்கேல்லை. இஞ்ச வந்து பாத்தா, இது நொண்டிக்கொண்டு நிண்டுது."

எழும்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் சால்வையை உதறிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு இன்னொருவர். பொழுது படும்வரை எல்லாரும் அந்த மண்ணிலேயே இருந்தோம்.

அடுத்த மாதம் நானா வந்தபோது கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். "காய்ச்சல் எப்பிடி, தங்கச்சி?" என்றார். "காய்ச்சல் இல்லை நானா" என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் முழுதாகத் தேறினார் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஆடியிலும் அந்த மௌனம் திரும்பி வரும். அப்போதெல்லாம் நான் படலையைத் திறந்து வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். கடைசியில் காய்ச்சலில்தான் போனார், உண்மையான காய்ச்சலில்.

இப்போதும் ஏதாவது வீட்டுப் படலையில் நின்று "அவருக்குக் காய்ச்சல்" என்று ஒரு பெண் சொன்னால், அவள் என்னை என்ன ஏசினாலும், உள்ளே போய் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை.