ராக்கெட் தொடாத ஸ்டியரிங்

மச்சினி வேன் ஓட்டுறா. பக்கத்து சீட்டுல ராக்கெட் அண்ணன் பிரேக் போடுறார். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது, ஆனா அது அவர் காலுக்குத் தெரியாதே! எட்டு நாளா மிதிச்ச மிதியில கீழ கிடந்த ரப்பர் மேட்டு காகிதமாத் தேஞ்சுபோச்சு. இன்னும் நாலு மிதி மிதிச்சா கால் ரோட்டுல இறங்கிடும்.

"மாமா, கால எடுங்க. நான்தான ஓட்டுறேன்?"

"நீ ஓட்டு தாயே. நான் சும்மா நிறுத்திக்கிட்டு வரேன்."

லாட்ஜுங்களுக்குப் போர்வை, தலையணை உறை வெளுத்துக் கொண்டுபோற சலவை வண்டி அது. பதினேழு வருஷமா அவர்தான் ஓட்டுனார். தெரு முனையில அவர் திரும்புனா, அவர் நிழல் ரெண்டு நிமிஷம் கழிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே வந்து சேரும். பேரே அப்படி வந்ததுதான். ரோட்டோரக் கேமரா சும்மா விடுமா? படம் புடிச்சு, அபராத லெட்டரோட வீட்டுக்கே அனுப்புச்சு. மனுஷன் பாத்தார். "அடடா, நம்ம வண்டி என்னா எடுப்பு!" படத்தை மட்டும் கத்தரிச்சு பீரோ கதவுல ஒட்டிட்டார். எவ்வளவு, எப்போ கட்டணும்னு இருந்த அடிப்பாகம் குப்பைக்கூடைக்குப் போச்சு. இப்படியே ஆறு படம். ஏழாவது லெட்டர்ல படமே இல்ல. அதனாலதான் அதைப் படிச்சார். லைசென்ஸை நிறுத்தி வெச்சுட்டாங்களாம்.

அபராதமெல்லாம் கட்டியாச்சு. ஆனா இனிமே ஓட்டலாம்னு லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து காகிதம் வரணும். அதுக்குள்ள ஓட்டி மாட்டுனா ஒரேயடியா ரத்து. வேற தொழில் பாக்கலாம்னா, வெந்நீரையே தீய விட்ட ஆளு அவர். அதனால ஸ்டியரிங்கைத் தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டார். தூசி தட்டக்கூடத் தொடறதில்ல. ஹாரன் அடிக்கணும்னாலும் வாயாலதான்.

ஒன்பதாவது நாள், மச்சினி ஒரு சந்துல வண்டியை நிறுத்துனா. லாட்ஜோட நாலாவது மாடிக்கு மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயி வெச்சுட்டு, அவர் மட்டும் இறங்கி வந்து தன் சீட்டுல உக்காந்தார். மேல மச்சினி அழுக்குத்துணி எண்ணிக்கிட்டு இருக்கா. பின்னாடி ஒரு லாரி வந்து நின்னுச்சு. அது அடிச்ச ஹாரன்ல எதிர்மாடியில காயப்போட்ட துணியெல்லாம் தானா மடிஞ்சுக்குச்சு. முக்குல நின்ன டிராபிக் போலீஸ் ஓடி வந்தார்.

"யோவ், வண்டியை எடு."

"முடியாது சார். லைசென்ஸை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"பத்தடி முன்னால ஓரங்கட்டு, போதும். நானேதானய்யா சொல்றேன்?"

"பத்தடியும் ஓட்டுறதுதான சார்?"

லாரிக்காரர் தலையை நீட்டுனார். "ஏம்ப்பா, வண்டி ஓட்டத் தெரியுமா, இல்ல பொம்மைக்கு உக்காந்திருக்கியா?"

அண்ணனுக்குக் காது மடல்ல அடுப்பு பத்திக்கிச்சு. பதினேழு வருஷத்துல அவரை இப்படி ஒருத்தன் கேட்டதில்ல. கால் துடிச்சுது. ஆனாலும் கதவைத் திறந்து கீழ இறங்கி நின்னுட்டார்.

"நீங்களே எடுங்க சார். சாவி வண்டியிலதான் இருக்கு."

போலீஸ்காரர் முணுமுணுத்துக்கிட்டே ஏறி, வண்டியை ஓரங்கட்டுனார். லாரி போச்சு. இறங்கி வந்தவர், "இந்தா, புடி"ன்னு சாவியை நீட்டுனார்.

"மேல மச்சினி இருக்கா சார், வந்ததும் அவகிட்ட குடுங்க"ன்னு மாடிப்படியைத் தாடையாலயே காட்டிட்டு, அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டுபோயி இறுக்கிக் கோத்துக்கிட்டார்.